பெயருக்கு வயது ஆறு மாதம்

"திருமுல்லைவாயில் பங்கைச் சேர்ந்த டேவிட், செலின் ஆகியோரின் மகள் ஹெலினாவும்..."

அதற்கு மேல் டேவிட்டால் போக முடியவில்லை. வாஷ்பேசின் கண்ணாடியில் தன் முகத்தையே ஒரு முறை முறைத்துவிட்டு, செருமிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

சமையலறையில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்த செலினுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து ஒரு பயமும் வந்தது.

"இன்னாங்க, அவளுக்குப் புள்ள பொறந்து ஞானஸ்நானமே ஆயிடும் போல. நீங்க இன்னும் முதல் வரியத் தாண்டல?"

"நீ வந்து வாசிச்சுப் பாரு, தெரியும்" என்றார் டேவிட்.

ஞாயிறு பூசை முடிவில் பங்குக் கோயிலின் அறிவிப்புகளை மைக்கில் வாசிப்பவர் டேவிட். ஆவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அது அவர் பொறுப்பு. நாளை அவர் வாசிக்க வேண்டியது சொந்த மகளின் கல்யாண ஓலை. மூன்று ஞாயிறு, மூன்று ஓலை. இவர்களுக்குள் விக்கினம், அதாவது கல்யாணத்துக்குத் தடை, ஏதும் இருப்பது தெரிந்தால் சாமியாரிடம் சொல்லுங்கள் என்று ஊரறியக் கேட்பார்கள். ஊர் வாய் திறக்காமல் இருந்தால் அப்புறம் கல்யாணம்.

செலினின் பயம் எதனால் என்று உங்களுக்குத் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே ஹெலினாவுக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மாப்பிள்ளை பெங்களூரில் சொந்தக் கம்பெனி என்றார்கள். கம்பெனிக்குப் பளபளவென்று ஒரு வெப்சைட். மூன்றாம் ஓலைக்கு முன்னால்தான் தெரிந்தது, அந்த வெப்சைட்டைத் தவிரக் கம்பெனி என்று எதுவும் கிடையாது; அதையும் பெண் கேட்டு வருவதற்கு முந்தின மாதம்தான் செய்திருக்கிறார்கள் என்று. அந்த மூன்றாவது ஞாயிறு டேவிட் மைக் முன்னால் நின்று, மற்ற அறிவிப்புகளையெல்லாம் வாசித்துவிட்டு, ஓலை வர வேண்டிய இடத்தில் சற்று நேரம் சும்மா நின்றார். பிறகு இறங்கி வந்தார். அந்த அமைதி இன்னமும் செலினின் காதில் இருக்கிறது.

இப்போது வந்திருப்பவன் பிரசன்னா. பாரிவாக்கத்துப் பிள்ளை. மண்ணூர்பேட்டையில் சொந்தமாக ஸ்பிரிங் பட்டறை. கலகலவென்று பேசத் தெரியாது. ஆனால் ஹெலினா அவனோடு போனில் பேசும்போது இவள் சிரிப்பு பால்கனி வரை கேட்கிறது. அது போதும் என்றுதான் செலின் நினைத்திருந்தாள்.

"மம்மி, கொஞ்சம் மொட்டை மாடிக்கு வா."

லிபின் வாசலில் நின்றான். ஹெலினாவுக்கு அண்ணன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, தங்கைக்குக் கல்யாணம் முடியாமல் எனக்கு வேண்டாம் என்று நிற்பவன். கையில் லேப்டாப். முகத்தில் ரத்தமே இல்லை.

"அடுப்புல நெத்திலி இருக்குடா."

"அணைச்சுட்டு வா."

மேலே காயப்போட்டிருந்த போர்வைக்குப் பின்னால் நின்றுகொண்டு அவன் லேப்டாப்பைத் திறந்தான்.

"வெப்சைட்டுக்கு ஒரு பேரு வாங்குவாங்க இல்ல, அதுக்குப் பதிவு இருக்கு மம்மி. யார் வேணா பாக்கலாம். பேரு என்னைக்குப் பதிஞ்சது, என்னைக்கு எக்ஸ்பைரி, எல்லாம் வரும்."

"யார் பேர்ல இருக்குன்னு வருமா?"

"அதை மறைச்சு வெச்சுக்கலாம். தேதிய மறைக்க முடியாது." அவன் பிரசன்னா கொடுத்த விசிட்டிங் கார்டை எடுத்தான். "ஞானம் ஸ்பிரிங்ஸ். ஒன்பது வருஷமா நடத்துறோம், ஆர்டரெல்லாம் வெப்சைட்லதான் வருதுன்னு சொன்னாரு இல்ல? கார்டுலயும் போட்டிருக்கு. இங்க பாரு."

செலின் பார்த்தாள். ஆங்கில எழுத்துக்கு நடுவில் தேதி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. போன பிப்ரவரி.

"இப்ப ஆகஸ்ட். இந்தப் பேருக்கு வயசு ஆறு மாசம் மம்மி. வர்ற பிப்ரவரியில எக்ஸ்பைரி. ஒரே ஒரு வருஷத்துக்கு வாங்கியிருக்காங்க."

செலின் கொடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"போன தடவை நான் பாக்கல" என்றான் லிபின். குரல் உடைந்தது. "ரெண்டு நிமிஷ வேலை. கம்ப்யூட்டர்லயே குந்திகினு இருக்கறவன், பாக்கல. இந்தத் தடவையும் விட்டா நான் மனுஷனே இல்ல. டாடிகிட்ட சொல்லி நாளைக்கு ஓலைய நிறுத்தச் சொல்லு."

கீழேயிருந்து டேவிட்டின் குரல் ஏறி வந்தது. "...மகள் ஹெலினாவும், பாரிவாக்கத்தைச் சேர்ந்த காலஞ்சென்ற மரியதாஸ், ஞானம்மாள் ஆகியோரின் மகன் பிரசன்னாவும்..." இந்தத் தடவை முதல் வரியைத் தாண்டிவிட்டார்.

செலின் மகனின் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தாள்.

"வண்டிய எடு. நானே போய்க் கேக்கறேன்."

"கேட்டா உண்மைய சொல்லுவாங்களா?"

"வாய் சொல்லாததை மூஞ்சி சொல்லும்டா. போன தடவை நாம மூஞ்சியப் பாக்கல, வெப்சைட்டத்தான் பாத்தோம்."

கிளம்பும்போது நெத்திலி வறுவலை டிபன் பாக்ஸில் அடைத்து எடுத்துக்கொண்டாள். லிபினுக்கு ஆத்திரம்.

"சண்டைக்குப் போறோமா, விருந்துக்குப் போறோமா?"

"சண்டைன்னாலும் சம்பந்தி வூடு. வெறுங்கையோட போறதா?"

மண்ணூர்பேட்டையில் மழைத் தண்ணீர் தேங்கிய தெருவுக்குள் அந்தப் பட்டறை இருந்தது. தகரக் கூரை, இரண்டு மெஷின். கம்பி உள்ளே போய்ச் சுருண்டு சுருண்டு ஸ்பிரிங்காகத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. மெஷினில் நின்ற தொழிலாளி உத்தமன்தான் முதலில் பார்த்தார்.

"அண்ணாத்தே! யாரு வந்துகீறாங்க பாரு. உன் மாமியாரு!"

பிரசன்னா எண்ணெய்க் கையோடு ஓடி வந்தான். கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் சட்டையிலேயே துடைத்தான்.

"வாங்க அத்தை. வா மச்சான். சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே. அம்மாகூட காலையில உங்களப் பத்திதான் பேசினாங்க. நாளைக்கு எங்க கோயில்ல கேட்டுட்டு, ரெண்டாவது ஓலைய உங்க கோயில்ல வந்து கேக்கணுமாம். கால் முடியலன்னாலும் ஆட்டோ வெச்சாவது வருவேன்னு ஒரே பிடிவாதம்."

அவன் இவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி செலின் கேட்டதே இல்லை. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் கேட்க வேண்டியிருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"தம்பி, உங்க வெப்சைட்டுக்கு வயசு ஆறு மாசம்னு சொல்றான் இவன். ஒன்பது வருஷம்னு நீங்க சொன்னீங்க. எது நெசம்?"

உத்தமன் மெஷினை நிறுத்தினார்.

பிரசன்னா மழுப்பவில்லை. அவன் முகத்தில் வந்தது பயமும் இல்லை. இதை என்றைக்காவது யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தவன் முகம்.

"ரெண்டும் நெசம் அத்தை. ஒன்பது வருஷமா இருந்த பேருதான். போன நவம்பர்ல எக்ஸ்பைரி ஆயிடுச்சு. யாரும் புதுப்பிக்கல. அம்மா அப்போ ஆஸ்பத்திரியில. பக்கவாதம். நான் ராத்திரி பகலா அங்கியே கெடந்தேன். ஆர்டர் ஏன் வரலன்னு தேடினப்பதான் தெரிஞ்சுது. எக்ஸ்பைரி ஆன பேரை ரெண்டு மாசத்துக்கு மேல அப்படியே வெச்சிருந்து, அப்புறம்தான் யார் வேணா வாங்கலாம்னு விடுவாங்களாம். தெனம் காலையில எழுந்து பாப்பேன், வேற எவனாச்சும் எடுத்துட்டானான்னு. எங்க அம்மா பேரு அத்தை அது. பிப்ரவரியில விட்டாங்க. விட்ட அன்னிக்கே வாங்கிட்டேன். புதுசா வாங்கினதால வயசு முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடுச்சு."

"எக்ஸ்பைரி ஆனதும் உடனே காசு கட்டியிருந்தா அதே பேரு பழைய தேதியோடவே இருந்திருக்கும்" என்றான் லிபின். விடுவதாக இல்லை. "ஏன் கட்டல?"

பிரசன்னா தரையைப் பார்த்தான். "அது என் அக்கவுண்ட்ல இல்ல மச்சான்."

லிபின் போனை எடுத்தான். பழைய வெப்சைட்டுகளை அவ்வப்போது படம் பிடித்தாற்போல் சேர்த்து வைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஞானம் ஸ்பிரிங்ஸ் என்று போட்டான். அவன் முகம் மாறுவதை செலின் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் இறுக்கம், அப்புறம் வெட்கம்.

"இருக்கு மம்மி." மெதுவாகச் சொன்னான். "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்த பக்கமே இருக்கு. தேதியப் பாத்ததும் அங்கியே நின்னுட்டேன். இதையும் பாத்திருக்கணும்."

போனை அம்மாவிடம் நீட்டினான். கொஞ்சம் சாயம் போனதுபோல் ஒரு பக்கம். நடுவில் ஒரு போட்டோ. இதே தகரக் கூரை. புது மெஷினுக்கு மாலை போட்டிருக்கிறது. ஞானம்மாள் திடமாக, சிரித்த முகமாக நிற்கிறாள். ஒரு பக்கம் அரும்பு மீசையோடு பிரசன்னா. இன்னொரு பக்கம் அம்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு ஒரு பெண். அதே மூக்கு, அதே கண்.

"இது யாரு தம்பி?"

"அக்கா" என்றான். "ரோஷினி."

"உங்க வூட்டுல நீங்க ஒரே புள்ளன்னாங்களே."

"அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க. நான் வாயத் தொறக்கல. அது பொய்தான் அத்தை. ஒத்துக்கறேன்."

ஆறு வருடம் முன்னால் ரோஷினி ஒருவனை விரும்பினாள். வேறு மதம். ஓலையும் இல்லை, கோயிலும் இல்லை, பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அன்றையிலிருந்து அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. அதை அவன் விட்டு விட்டுச் சொன்னான்.

"வெப்சைட்ட செஞ்சது அவதான். அவ அக்கவுண்ட்லதான் இருந்துச்சு. வூட்ட வுட்டுப் போன அப்புறமும் வருஷா வருஷம் புதுப்பிச்சிகினே இருந்தா. ஒரு வார்த்தை எங்களுக்குச் சொல்லல. அவளை வேணாம்னு சொன்ன அம்மா பேரு எங்கயும் அணையாம பாத்துகினு இருந்தா." உதட்டைக் கடித்தான். "போன வருஷம் மட்டும் ஏன் நிறுத்தினா? ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எனக்குப் பயம் அத்தை. போன் அடிச்சு, யாரும் எடுக்கலன்னா? உசுரோட இருக்காளான்னே..."

உத்தமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செலின் டிபன் பாக்ஸை மேஜைமேல் வைத்தாள்.

"இது ஹெலினாவுக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும்."

"சூடு ஆறிடும். சாப்புடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஓலையைப் பற்றி அவனும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

திரும்பும் வழியெல்லாம் மனசு இரண்டாகக் கிடந்தது. வெப்சைட் பொய் இல்லை, சரி. ஆனால் பெற்ற மகளை இல்லை என்று சொன்ன வீடு. அந்த வீட்டுக்கா என் மகளை அனுப்பப் போகிறேன்? நாளைக்கு இவள் ஏதாவது செய்தால் இவளையும் இல்லை என்று சொல்லிவிட்டால்?

வீட்டில் ஹெலினா ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா முகத்தைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்தாள்.

"பட்டறைக்குப் போனீங்களா? பிரசன்னா இப்பதான் சொன்னாரு. நெத்திலி நல்லா இருந்துச்சாம்."

"ஏண்டி, உனக்குத் தெரியும்னாரு. முன்னாடியே சொல்லக் கூடாது?"

"கார்டு குடுத்த அன்னிக்கே அந்தத் தேதிய நானும் பாத்துட்டேன் மம்மி. மூணு வருஷத்துக்கு முன்னாடி அடிபட்டது அண்ணன் மட்டுமா? அடுத்த நாளே அவர்கிட்ட கேட்டேன். நீங்க கேட்டதையேதான். ஒண்ணையும் மறைக்கல அவரு." ஹெலினா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உங்ககிட்ட சொன்னா அண்ணன் தூங்க மாட்டான். டாடி வாசிக்கறப்போ கை நடுங்கும். இந்த ஒரு தடவை நானே பாத்து நானே முடிவு பண்ணணும்னு நெனச்சேன். தப்பா?"

செலின் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவங்கம்மா கோவக்காரங்கதான்" என்றாள் ஹெலினா. "ஆனா மம்மி, அந்த வூட்டுல ஒருத்தி, வெளிய தள்ளின அப்புறமும் அம்மா பேரைப் புதுப்பிச்சிகினு இருந்திருக்கா. ஒருத்தன், அது போனதும் தெனம் விடியகாலம் எழுந்து காத்துகினு இருந்திருக்கான். அந்த வூட்டுல அன்புக்குப் பஞ்சம்னு நான் நெனைக்கல. யாராவது ஒருத்தர் போய்க் கதவத் தொறக்கணும். அவ்ளோதான்."

எப்போது இவ்வளவு பெரியவள் ஆனாள் இவள்? செலின் மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். போட்டோவில் அந்தப் பெண் சாய்ந்திருந்த மாதிரியே இருந்தது.

"நாளைக்கு நான் கூப்ட்ட ஒருத்தங்க பூசைக்கு வருவாங்க மம்மி. யாருன்னு இப்ப கேக்காத."

ஆபீஸ் தோழி யாராவது இருக்கும் என்று செலின் நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் டேவிட் மெல்லப் பக்கத்தில் வந்து நின்றார். காலையிலிருந்து மாடிக்கும் தெருவுக்குமாக அம்மாவும் பிள்ளையும் அலைந்ததை அவர் பார்க்காமல் இல்லை.

"என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கல. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நாளைக்கு வாசிக்கலாமா, வேணாமா? போன தடவை மாதிரி இன்னொரு தடவை என்னால நிக்க முடியாது செலின்."

செலின் அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"வாசிங்க. நல்லா சத்தமா வாசிங்க. கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும்."

ஞாயிறு. மழை விட்ட காலை. கோயில் நிறைந்திருந்தது. மூன்று வருடம் முன்னால் உச்சுக் கொட்டியவர்களும் வந்திருந்தார்கள். லிபின் முழங்காலைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

டேவிட் மைக் முன்னால் போய் நின்றார். இளையோர் கூட்டம், மருத்துவ முகாம், அன்பியக் கூட்டம். எல்லாம் வாசித்தார். பிறகு ஒரு முறை மூச்சை இழுத்துக்கொண்டார்.

"திருமுல்லைவாயில் பங்கைச் சேர்ந்த டேவிட், செலின் ஆகியோரின் மகள் ஹெலினாவும், பாரிவாக்கத்தைச் சேர்ந்த காலஞ்சென்ற மரியதாஸ், ஞானம்மாள் ஆகியோரின் மகன் பிரசன்னாவும் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். இது முதல் ஓலை."

குரல் தழைந்தது. ஆனால் நிற்கவில்லை.

"இவர்களுக்குள் விக்கினம் ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

கோயில் அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குள் எங்கிருந்தோ ஒரு குழந்தை, "ம்மா!" என்று ஓங்கிக் கூவியது. நாலு பேர் சிரித்தார்கள். டேவிட்டும் சிரித்துவிட்டார்.

செலின் திரும்பிப் பார்த்தாள்.

கடைசி பெஞ்சு. தூணை ஒட்டி ஒரு பெண். தலையில் முக்காடு, அதன் கீழே நெற்றியில் துளியாகக் குங்குமம். மடியில் குழந்தை. அதன் வாயை மூடப் பார்க்கிறாள். கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கக் கை இல்லை. அதே மூக்கு. அதே கண். போட்டோவில் இருந்ததைவிட மெலிந்திருந்தாள்.

செலின் மகளைப் பார்த்தாள். ஹெலினா பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கை அம்மாவின் கையைத் தேடி வந்து இறுகப் பிடித்தது.

பூசை முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு செலின் பின்னால் ஓடினாள். அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ரோஷினி."

அவள் திடுக்கிட்டு நின்றாள். எத்தனையோ காலம் கழித்து, அவள் பிறந்த வீட்டைச் சேர்ந்த வாய் ஒன்று அவள் பெயரைச் சொல்லியிருந்தது.

"தம்பி ஓலைய ஒரு தடவை காதால கேக்கணும்னு வந்தேன் ஆன்ட்டி. ஹெலினாதான் தேடிப் புடிச்சுக் கூப்ட்டா. தம்பிக்குக்கூட சொல்லாதன்னு நான்தான் சொன்னேன். பாரிவாக்கம் கோயிலுக்குப் போக தைரியம் இல்ல. யாருக்கும் தெரியாம போயிடறேன். தொந்தரவு பண்ண மாட்டேன்."

செலின் குழந்தையை வாங்கிக்கொண்டாள். இடுப்பில் ஏறியதும் அது அவள் கழுத்துச் சிலுவையைப் பிடித்து இழுத்தது.

"எத்தனை மாசம்?"

"ஒன்பது ஆன்ட்டி. போன நவம்பர்ல குறைமாசத்துல பொறந்தான். ரொம்ப நாள் ஆஸ்பத்திரியிலயே கெடந்தோம். வேற எதுவும் ஞாபகத்துல இல்ல."

நவம்பர். செலின் குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்து பார்த்தாள். பிரசன்னா கேட்க பயந்த கேள்விக்குப் பதில், அவள் இடுப்பில் உட்கார்ந்து சிலுவையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"அடுத்த ஞாயிறும் வரணும்" என்றாள்.

"ஆன்ட்டி..."

"கடைசி பெஞ்சு வேணாம். முன்னாடி, என் பக்கத்துல உட்காரணும். இடம் போட்டு வெக்கறேன்."

ரோஷினி தலையாட்டினாள். அழுகையும் சிரிப்புமாகக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது ஓலைக்கு ஆட்டோ வைத்தாவது வந்து, தன் இன்னொரு பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதை மட்டும் செலின் அவளிடம் சொல்லவில்லை.